யாரோ அலசிப் போட்ட நீல உடை

ஹோல்ம்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஸ்கேட்டிங் குழு நடன அணியின் கோச் ஆர்டித் லோமாக்ஸ் நடுவர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பல் டாக்டர் வெண்டெல் க்ரோக்கின் கையில் பாதி கடித்த ப்ரெட்ஸல் ரொட்டி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்ததை மெல்லாமலே விழுங்கிவிட்டார். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நீல நிறத்தில் ஈரமாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"இது என் கேப்டன் பிரின்லியோட டிரஸ்," என்றாள். "பொண்ணுங்க ஐஸ்ல இருந்த நேரத்துல, பூட்டின டிரஸ்ஸிங் ரூமுக்குள்ளேருந்து காணாமப் போச்சு. அதே ரூமோட குளிக்கிற இடத்துல, அழுக்குத் துண்டு போடுற கூடைக்கு அடியில கிடந்தது. யார் வேலைன்னு எனக்குத் தெரியும் மேடம். டெசா ஹௌக். சாயங்காலம் எங்க முறை வர்றதுக்குள்ள அவளை டீமை விட்டே எடுக்கணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

தலைமை நடுவர் ஹெஸ்டர் ப்ருயிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்தப் போட்டிகளுக்கு நடுவராக வருகிறவர்களுக்கெல்லாம் பிழைப்பு வேறு. ஹெஸ்டருக்குப் பிழைப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளைப் போய்ப் பார்ப்பது. தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவாள். வெண்டெல் நடுவராகப் பயிற்சி எடுப்பவர். மேஜையின் கடைசியில் உட்கார்ந்து அவரும் மதிப்பெண் போடுவார். அது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தக் குறையையெல்லாம் சேர்த்து, ஹெஸ்டர் எங்கே போனாலும் கூடவே போய்த் துப்புத் துலக்குவதில் தீர்த்துக்கொள்வார்.

"டெசா யாரு?" என்றாள் ஹெஸ்டர்.

"பதிலி. பதினாறு பேர் ஆடுவாங்க, ஒருத்திக்கு முடியலன்னா இவ இறங்கணும். நாலு வருஷமா பதிலிதான். இதோட படிப்பு முடியுது, தேசியப் போட்டியில ஒரு தடவைகூட இறங்கல. வயித்தெரிச்சல் இருக்காதா? மத்தியானப் பயிற்சிக்கு எல்லாரும் போனதும் ரூமைப் பூட்டிச் சாவியை வெச்சுக்கறது எங்க டீம்ல பதிலியோட வேலை."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கோச்சுங்க கூட்டத்துல, உங்க எதிர்லதான் மேடம். பயிற்சியை பிரின்லியே பாத்துக்கிட்டா."

"பதினாறு பேரும் ஐஸ்லதான் இருந்தாங்களா?"

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. "நான் இருந்தேனே!" என்றார் வெண்டெல். "மேல பெஞ்சுல உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் பதினாறு. ஒருத்தி வெளிய வரல. எல்லாம் ஒரே கறுப்பு உடுப்பு, ஒரே கொண்டை, ஒரே உதட்டுச் சாயம். இவ எது அவ எதுன்னு மட்டும் கேக்காதீங்க. ஆனா பதினாறு, சத்தியம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பதினாறு பேருக்கும் தாமே சாட்சி சொன்னால், மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். முகம் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தம் கையாலேயே சுருக்கை மாட்டிவிட்டது போல இருந்தது. மீதி ப்ரெட்ஸலைக் கீழே வைத்துவிட்டார்.

"டெசா என்ன சொல்றா?"

"'நான் எடுக்கல'ன்னு ஒரே பேச்சு. அப்ப எங்கடி இருந்தேன்னா, தரையைப் பாக்கறா. பொய் சொல்றதுக்குக்கூட அவளுக்கு வக்கில்ல."

ஹெஸ்டர் பையைப் பிரித்து உடையை விரித்தாள். முதுகுப் பக்கம் அவ்வளவாக நனையவில்லை. முன்பக்கம் மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கி அலசியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வெண்டெலும் முகர்ந்தார். ஹோட்டல் சோப்பின் எலுமிச்சை வாசனைக்கு அடியில் ஏதோ புளித்த வாடை.

"பிரின்லி இப்ப எதை உடுத்துவா?"

"டெசாவோடதைத்தான். உபரியா இருக்கறது அது ஒண்ணுதான்."

"அப்ப கேப்டன் ஆடப்போறது நிச்சயம், டெசாகிட்ட இருந்த டிரஸ்ஸும் போச்சு," என்றாள் ஹெஸ்டர். "விசித்திரமான வயித்தெரிச்சல். வாங்க, ரூமைப் பாப்போம்."

அறைக்கு வெளியே, குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில், டெசா தனியாக நின்றாள். உயரமான பெண். அழுது முடித்த முகம். ஹெஸ்டர் அவளிடம் திருட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இன்னிக்கி உங்க ஆட்டத்துல ஒருத்தியைத் தலைக்கு மேல தூக்குறீங்களே, மேல போறது யாரும்மா?"

டெசாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்தது. "மாரிட்," என்றாள், குரல் எழும்பாமல்.

கதவைத் திறந்து உள்ளே போனார்கள். பெண்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து கொண்டை முடிந்துகொண்டிருந்தார்கள். பெரிய போட்டிக்கு முன்னால் இருக்கிற கலகலப்பு துளியும் இல்லை. உயரத்தில் இருந்த ஒற்றை ஜன்னலில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மூலையில் விளக்கும் எரியவில்லை. அந்த இருட்டில் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"கோச், நம்ம முறை எத்தனாவது?" என்றாள் அவள்.

"நாலாவது, மாரிட்."

ஹெஸ்டர் பெஞ்சுக்கடியில் வரிசையாக இருந்த ஸ்கேட்டுகளைப் பார்த்துக் குனிந்தாள். ஐஸிலிருந்து வந்ததும் பிளேடைத் துடைத்து, துணி உறை மாட்டி வைப்பது வழக்கம். மிச்ச ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும். ஒவ்வொரு உறையிலும் பெயர் தைத்திருந்தது. சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவள் போல அவள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாள். டெசாவின் உறையையும் அழுத்தினாள். மூலையில் இருந்த உறையிடம் வந்ததும் நின்று, இன்னொரு தரம் அழுத்தினாள். இந்த நேரத்தில் இவளுக்குத் தையல் வேலை பார்க்கவா தோன்றுகிறது என்று வெண்டெலுக்கு எரிச்சலாக வந்தது.

"கோச், நம்ம முறை எத்தனாவது?" என்றாள் மாரிட்.

ஆர்டித் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நாலாவதுன்னு சொன்னேனே," என்றாள். பெண்களில் ஒருத்தியும் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் வெண்டெல் ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு என்னமோ எதிர் டீம் மேல சந்தேகம். கள்ளச்சாவி போட்டு வந்து..."

"பல்லு டாக்டரே, கெடுக்கணும்னு வர்றவ கத்திரிக்கோல் எடுப்பா. சோப்பு எடுப்பாளா?"

"மாட்டா."

"அழுக்கானதைத்தானே அலசுவாங்க? மேல போயி போட்டி டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க. எனக்கே கொஞ்சம் பயமா இருக்கு."

ஹெஸ்டர் ப்ருயிட் பயம் என்று சொல்லி வெண்டெல் கேட்டதில்லை. தொந்தியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரோடு அவர் மூச்சு வாங்கத் திரும்பியபோது டெசாவும் உள்ளே வந்து சுவரோரம் நின்றிருந்தாள். கோச் நடுவில். ஹெஸ்டர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுகிறவள் போல ஆரம்பித்தாள்.

"இந்த டிரஸ்ஸை யாரும் திருடல. தொங்கிட்டிருந்த இது மேல ஒருத்தி தெரியாம வாந்தி எடுத்திருக்கா. பதறிப்போயி அலசியிருக்கா. வாடை போகல, கூடைக்கடியில ஒளிச்சுட்டா. ஆக, பயிற்சி நேரத்துல பூட்டின ரூமுக்குள்ள ஒருத்தி இருந்திருக்கா. வெளிச்சம் அவ கண்ணைக் குத்தியிருக்கு, ஜன்னலை மூடியிருக்கா. மிச்சிகன்ல இந்தக் குளிர் மாசத்துல சூரியனைப் பாத்தா நாமெல்லாம் வெளிய ஓடுவோம். துண்டு போட்டு மறைக்க மாட்டோம்."

"டெசாதான் அது," என்றாள் ஆர்டித்.

"டெசாவோட பிளேடு உறை ஈரமா இருக்கு கோச். வெளிய சாவியோட நின்னவளுக்கு எங்கேருந்து ஈரம் வந்துச்சு?"

ஆர்டித் குனிந்து அந்த உறையைத் தானே அழுத்திப் பார்த்தாள்.

"பல்லு டாக்டர் எண்ணினது சரி," என்றாள் ஹெஸ்டர். "ஐஸ்ல பதினாறு பேர்தான். ஆனா அதுல டெசாவும் ஒருத்தி. மேலேருந்து பாத்தா நீங்க எல்லாரும் ஒரே அச்சு. அப்படித் தெரியணும்னுதானே வருஷம் பூரா பாடுபடறீங்க? பக்கத்துல கைகோத்து ஆடினவளுக்கு மட்டும் தெரியாமப் போகுமா, தன் கையில இருக்கறது யார் கைன்னு? உங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் இவளை இங்க நிக்க வெச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க."

யாரோ ஒருத்தி தேம்பினாள். வெண்டெலுக்குத் தம் பெண்ணின் ஞாபகம் வந்து கோபமும் பரிதாபமும் ஒன்றாகப் பொங்கின. பதினைந்து பேர் சேர்ந்து ஒருத்தியைக் காவு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இவ்வளவு நல்ல பிள்ளைகள்.

"ஈரமே படாத உறை ஒரே ஒரு ஜோடி," என்றாள் ஹெஸ்டர். "டாக்டர் க்ரோக், அந்த மூலை விளக்கைப் போடுங்க."

வெண்டெல் போட்டார். வெளிச்சம் விழுந்ததும் மாரிட் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"தலையில எப்ப அடிபட்டுச்சும்மா?"

பிரின்லி எழுந்தாள். கேப்டன் என்ற மிடுக்கெல்லாம் போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"காலையில, ஹோட்டல் வராந்தாவுல. தூக்கறதை ஒரு தடவை பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். நாங்கதான் அவளைக் கீழ போட்டுட்டோம். தலை சுவத்துல பட்டுச்சு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னா. தலையில அடின்னு டாக்டருக்குத் தெரிஞ்சா இன்னிக்கி விடமாட்டாங்க. அவ ஆடறதைப் பாக்க அப்பா அலாஸ்காவிலேருந்து அவ்வளவு தூரம் வந்திருக்காரு. கெஞ்சினா மேடம். மத்தியானம் மட்டும் படுத்துக்கறேன், சாயங்காலம் சரியாயிடும்னா. யாரும் சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் கைமேல கை வெச்சு சத்தியம் பண்ணினோம். டிரஸ் காணோம்னதும் எனக்கு ஒண்ணும் புரியல, கத்திட்டேன். கோச் வந்துட்டாங்க. டெசா எங்க இருந்தான்னு சொன்னா எல்லாத்தையும் சொல்லணுமே."

"அதனால அவளையே பலி குடுத்தீங்க," என்றாள் ஆர்டித். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பலிக்கு அரிவாளைத் தீட்டி எடுத்து வந்தது யார் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். டெசாவிடம் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வெறுமனே தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

டாக்டர் மாரிட்டின் கண்ணில் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார், விரலைக் காட்டினார், கேள்வி கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே வெண்டெல் புரிந்துகொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே," என்றார் டாக்டர். "இந்தத் தலையோட மேல ஏறி, இன்னொரு தடவை விழுந்திருந்தா, நான் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது." ஆம்புலன்ஸைக் கூப்பிட வெளியே போனார்.

மாரிட் டெசாவைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டியாடி?"

"நான் வாயே திறக்கல."

"மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்ன பாரு, அதுவே போதும். என் இடம்தானே வேணும் உனக்கு? எடுத்துக்கோ."

நாலு வருஷம் டெசா ஏங்கிய இடம், கடைசியில் இப்படி வந்து மடியில் விழுந்தது.

"பதிலி இறங்கலாம், நான் அனுமதிக்கறேன்," என்றாள் ஹெஸ்டர் கோச்சிடம். "இறங்கணுமா வேணாமான்னு அந்தப் பொண்ணைக் கேளுங்க. அவளைத் தவிர வேற யாரும் அதைச் சொல்லக் கூடாது."

பதினைந்து பேரும் டெசாவைப் பார்த்தார்கள். கேட்கிற தைரியம் ஒருத்திக்கும் இல்லை. டெசா மூலையில் தொங்கிய மாரிட்டின் நீல உடையை எடுத்தாள். தன்னுடையது இப்போது பிரின்லியின் உடம்பில் இருந்தது. வெண்டெல் வெளியே போய் நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்து, கதவு திறந்தபோது, டெசா உடுத்து முடித்து மாரிட்டின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் வரிசையாகக் கொக்கிகள். தானாகப் போட்டுக்கொள்ள முடியாத உடை அது. சுற்றிலும் பதினைந்து பெண்கள் இருந்தும் அவள் முதுகைக் காட்டியது மாரிட்டிடம்தான்.

"உன்னை நான் மன்னிக்கல," என்றாள் மாரிட், கொக்கியைத் தேடிக்கொண்டே.

"சரி."

"நிமிந்து உக்காரு."

டெசா நிமிர்ந்தாள். மாரிட்டின் விரல்கள் துணியில் தடவின, ஒரு கொக்கியைப் பிடிக்கப் போய் அதற்குப் பக்கத்தில் வெறும் துணியைப் பிடித்தன. மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை கை நின்றுவிட்டது. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த வீறாப்பெல்லாம் அந்த இடத்தில் கழன்றுபோனது வெண்டெலுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"டெசா," என்றாள் மாரிட், மிகவும் சின்னக் குரலில். "எல்லாக் கொக்கியும் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடி. எனக்குப் பயமா இருக்கு."

டெசா திரும்பவில்லை. கையைப் பின்னால் வளைத்து, அந்த விரல்களைப் பிடித்து, கொக்கி இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.