ஆப்பிளுக்கு உள்ளே இடமில்லை

அத்தை வந்தால் முதலில் ஃபிரிட்ஜைத்தான் திறப்பார். பை நிறைய ஆப்பிளை உள்ளே திணிப்பார்.

"உங்கப்பன் துரும்பா இளைச்சுட்டான். சாப்பிடச் சொல்லு!"

அப்பா சாப்பிடுவதில்லை. அம்மா இறந்த பிறகு அவருக்கு எதுவுமே பிடிப்பதில்லை.

அதே ஃபிரிட்ஜில் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே டூலிப் கிழங்குகள். பார்த்தால் வெங்காயம் மாதிரி இருக்கும். அம்மா ஆசைப்பட்டுக் கடைசியாக வாங்கியவை. அங்கே வைத்தவள் மகள் குண்டூசி. ஒல்லியாக, கூர்மையாக இருப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

பூச்செடிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். "டூலிப் குளிர்ல நல்லாத் தூங்கினாதான் பூக்கும். ஆனா பக்கத்துல ஆப்பிள், வாழைப்பழம் மாதிரிப் பழம் கூடாது. அது எத்திலீன்னு ஒரு வாயு விடும். செடிங்களோட ஹார்மோன் அது. பழத்தைப் பழுக்க வைக்கும். கிழங்குக்குள்ள இருக்கற குட்டி மொட்டைக் கருக்கிடும்."

குண்டூசி ஆப்பிளை வெளியே எடுத்தாள். அத்தை உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தார்.

கடைசியில் எல்லாவற்றையும் தெருவில் கொடுத்துவிட்டாள். தபால்காரர் கூட ஒன்றைக் கடித்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் அத்தை ஃபிரிட்ஜைத் திறந்தார். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் காலி! என் தம்பிக்குப் பசி திரும்பிடுச்சு!"

கையில் இப்போது இரண்டு பை.

குண்டூசி ஃபிரிட்ஜுக்குக் குறுக்கே நின்றாள். "அத்தை, அப்பா சாப்பிடலை. தெருவே சாப்பிட்டுச்சு."

காகிதப் பையைக் காட்டி முழுக்கதையும் சொன்னாள். "அம்மாவோட கிழங்கு, அத்தை. பூக்கணும்."

அத்தை காகிதப் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்களை மாதிரி கறாரான ஆள் யாரு இருக்கா? ஃபிரிட்ஜுக்கு நீங்கதான் காவல்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை அப்பா பாதி வாழைப்பழத்தோடு ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"டேய்! வெளியே எடு!"

"அக்கா, இது என் வீடு."

"கத்தாதே. மொட்டு தூங்குது!"

அத்தைதான் கத்தினார்.

குளிரில் தூங்கி முடித்த கிழங்குகளைத் தொட்டியில் நட்டார்கள். இலை வந்தது. ஒருநாள் காலை, மஞ்சளாக ஒரு பூ.

அத்தை ஓடி வந்தார். ஆனால் வாசலோடு நின்றுவிட்டார். கையில் ஆப்பிள் பை. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"உள்ளே வரலாமா, குண்டூசி? மூச்சு விடாமத்தான் கொண்டு வந்தேன்."

"வாயு விடறது ஆப்பிள்தான், அத்தை. நீங்க மூச்சு விடலாம்!"

அப்பா வெகுநேரம் பூவையே பார்த்தார். பிறகு அத்தையின் பக்கம் கையை நீட்டினார்.

"ஒண்ணு குடு, அக்கா."

'நறுக்'கென்று ஒரு சத்தம். அத்தை அப்போதுதான் மூச்சு விட்டார்.