நடுங்காத கை

"நாளைக்குக் காலையில என்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாக, டாக்டரம்மா" என்றாள் ரீனா.

சர்க்கரை அடியோடு இறங்கி நினைவிழந்த அவள் மாமனார் லூர்து பிரகாஷ், மூன்றாம் நாள் காரைக்குடி மருத்துவமனையில் இறந்திருந்தார். தினமும் அவருக்குக் காலையில் இன்சுலின் போட்டவள் ரீனா. அளவைக் கூட்டிக் கொன்றுவிட்டாள் என்று நாத்தனார் சந்தனமேரி புகார் கொடுத்திருந்தாள்.

உமையாள் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர். இப்படிப்பட்ட சாவுகளைத் துருவிப் பார்ப்பவர். உடன் வந்த மருந்துக்கடை முத்தரசு இன்சுலின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தான். மீதி சரியாகவே இருந்தது.

"ரெண்டாவதா ஒண்ணு வாங்கியிருப்பா, ஆச்சி" என்று கிசுகிசுத்தான். அவனுக்குக் கொலையாகவே இருந்தாக வேண்டும்.

உமையாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "அவர் சோறு கொண்டுபோற கேரியரா இது? பளபளன்னு இருக்கே."

"மாமாவே கழுவிக் கொண்டாருவாக. தவக்காலம் தொடங்குன சாம்பல் புதன்லேருந்துதான் இந்தப் பழக்கம். அதுக்கு முன்னால எச்சித் தட்டைக்கூட நகத்த மாட்டாக."

லூர்து பிரகாஷ் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைப் பகலில் பார்த்துக்கொண்டவர்; மயங்கி விழுந்ததும் அங்கேதான். அங்கே காவலிருக்கும் மலையாண்டியை உமையாள் மாலையில் வரவழைத்தார். சந்தனமேரியும் வந்தாள்.

"சுகர் இறங்குனா அப்பாவுக்குக் கை நடுங்கும், வேர்த்து ஊத்தும். உடனே கற்கண்டை வாயில போடுவாக. அன்னைக்குப் பையில பொட்டலம் பிரிக்காம இருந்துச்சே! ஒரேயடியா இறங்கித்தானே விழுந்திருக்காக? ஊசி குத்துறவளுக்கு அளவு தெரியாதாக்கும்?"

"விழுந்தப்ப சட்டை நனைஞ்சிருந்துச்சா?" என்று மலையாண்டியைக் கேட்டார் உமையாள்.

"காஞ்சு கெடந்துச்சுங்க. மொத வாரம் மதியத்துல நடுங்குனாக, கற்கண்டு கடிச்சாக. அப்புறம் நடுக்கமே நின்னுபோச்சு. அன்னைக்கு ஏதோ உளறிக்கிட்டு, சாவியைச் சுவத்துல வச்சுத் திருகுனாக."

"கேரியர் சோத்தைச் சாப்பிட்டது யாரு?"

மலையாண்டி குனிந்துகொண்டார். "நாந்தேன். தவக்காலம், ஒருசந்தி இருக்கேன், மதியச் சோறு வேணாம், வீட்டுல மூச்சு விடாதன்னாக. கழுவியும் குடுத்தேன்."

"சர்க்கரை இறங்குறதை மோப்பம் பிடிக்கிறது மூளை" என்றார் உமையாள். "நரம்பு வழியா ஈரலை முடுக்கிச் சர்க்கரையை விடச் சொல்லும். கையை நடுங்கவச்சு, வேர்க்கவச்சு ஆளையும் எச்சரிக்கும். தினமும் இறங்கினா மூளைக்கு அது பழகிப்போகும்; எச்சரிக்கை வராது. ஒரே நாள்ல ஊசி கூடியிருந்தா அவருக்கு வேர்த்திருக்கும், மேரி. காஞ்ச சட்டை பல நாள் பட்டினியைச் சொல்லுது. ஊசி சரியான அளவுதான். சோறுதான் உள்ள போகலை. போலீசுக்கு நானே எழுதித் தர்றேன்."

சந்தனமேரி, "சுகர்காரவுகளுக்கு ஒருசந்தி வேண்டாம்னு சர்ச்சு சாமியாரே சொன்னாரே. எதுக்கு இருந்தாக?" என்றாள்.

மலையாண்டி ரீனாவைப் பார்த்தார். "மருமகளுக்கு ஒரு பிள்ளை தங்கணும்னு நேர்ச்சையாம்."

முத்தரசால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள் ரீனா, "ஊசியைக் குறைச்சுப் போடலாமான்னு கேட்டிருப்பேனே."