பன்னிரண்டாம் பாத்தி

நாற்றுமேடையின் மற்றப் பாத்திகளில் மண் குளிர்ந்து விரலைக் கடித்தது. பன்னிரண்டாம் பாத்தியில் மட்டும், பொலித்தீன் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கி ஜீவராணி விரல் நுழைத்த முதல் நாற்றுப் பையிலேயே, தூங்கும் பிள்ளையின் கழுத்தடி போல மண் இளஞ்சூடாக இருந்தது. தேயிலைத் தழை வாசம் இல்லை. வியர்வை வாசம்.

அந்த மண்ணில்தான் தன் தோல் செதில்களைக் கலந்திருந்தாள்.

ஆறு வருடமாகச் சொரியாசிஸ். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஆகும். அவளுக்கு நாலைந்து நாள். லயத்து வரிசை வீடுகளில் யாராவது கண்டால் அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். அதனால் விடியுமுன் பாயைக் கூட்டி, செதில்களை முந்தியில் முடிந்து வந்து, இந்தப் பாத்தியின் பைகளில் நிரப்பும் மண்ணில் கொட்டிவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் ஒளிச் சிகிச்சை. குழல் விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடியோடு நிற்க வேண்டும். முதலில் சில விநாடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நாற்றுக்கு வெயில் பழக்குவது போலத்தான். ஒளி பட்டு உள்ளே அடிபட்ட செல் பெருகுவதை நிறுத்தும். வருடக்கணக்கில் ஒளி அடித்தால், அபூர்வமாக ஒரு செல் அடியைத் திருத்திக்கொள்ளாது, பெருகுவதை நிறுத்தவும் மறந்து புற்றாகிவிடும்.

"புதுசா புள்ளி வந்தா மறைக்காம காட்டுங்க" என்றிருந்தார் டொக்டர்.

அவள் உடம்பில் புள்ளி இல்லை. உதிர்ந்தவையோ செத்த செல்கள். செத்தது பெருகாது. பெருகாது.

"என்னா புள்ள, பாத்திய கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிற?" கூட வேலை செய்யும் ராக்காயி வந்தாள். "மூணு மாசம் மூடிக் கெடந்தது போதுமாம். இன்னைக்கே தொறக்கச் சொல்லிட்டாரு கணக்கப்புள்ள."

"அடுத்த வாரம் தொறப்போம்க்கா."

"ஒங்க வீட்டுக் கதவா அது? அந்தப் பக்கம் புடி."

பொலித்தீன் உரிந்தது. ஆவி எழுந்தது. கலைந்தது.

பைகள் தெரியவில்லை. நாற்றுகளுக்கு இடையே, பாத்தி நெடுக, ஒரே விரிப்பு. மாநிறம். ஒரு செதில் இல்லை. ஆறு வருடமாக அவள் ஏங்கிய தோல்.

"இது என்னா புள்ள?" ராக்காயியின் குரல் இறங்கியிருந்தது. "ஜீவராணி, இது என்னா?"



பள்ளத்திலிருந்து குளிர்காற்று ஏறி வந்தது. பாத்தியின் ஒரு முனையில் தொட்டது.

அங்கிருந்து மறுமுனை வரை, மெல்ல, ஒவ்வொன்றாக, மயிர்கள் சிலிர்த்து நின்றன.