கூட்டிப்போக வந்தவள்

பெற்ற தாயை ஹெர்மினியோ ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. செத்துப்போன அம்மா கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பதாகச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பழைய படகோட்டி, 'நீ ஏன் இப்படி இளைச்சுட்ட, உன் செருப்பு எங்க' என்று சின்னப் பையனைப் போல அவளோடு கொஞ்சிக்கொண்டிருந்தார். இன்று சாப்பாட்டு வேளை முடிந்து நர்ஸ் சுனில்டா தண்ணீரோடு உள்ளே வந்தபோது அவர் அதே கால்மாட்டைப் பார்த்து, ராணுவக்காரனிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"நீங்க யாருங்க?"

சுனில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடக்குக் காற்று வீசும் நாளில் கொன்செப்சியோனில் யாருக்கும் புத்தி நேராக இருப்பதில்லை. ஊரே கதவடைத்துத் தூங்கும் மதிய நேரம். தகரக் கூரை வெயிலில் முறுகி முனகியது, ஆற்றுச் சேற்றின் வாடை ஜன்னல் வழியே வந்து பினாயில் வாடையோடு கலந்தது, அதற்கும் அடியில், அழுகத் தொடங்கிய கொய்யாவைப் போல, சாகப்போகிறவர்களை வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்தின் நிரந்தர வாடை. இங்கே யாரும் பிழைக்க வருவதில்லை.

பாதிரியாருக்கு ஆயிரம் வேலை. வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசி தலைநகரிலிருந்து வந்தால் வரும். ஆகவே சாகிறவர்களின் ஆன்மாவைக் கவனிப்பதும் சுனில்டாவின் வேலையாயிற்று. அவள் கண்டுபிடித்த வழி எளியது. கையைப் பிடித்துக்கொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாள். எல்லோருக்கும் யாராவது வந்திருப்பார்கள்: அம்மா, புருஷன், முங்கிச் செத்த தம்பி. 'பயப்படாம அவங்க கூடப் போங்க' என்பாள். போய்விடுவார்கள். மற்ற ஊர் நர்சுகளுக்கு அவளை வகுப்புகூட எடுக்கவைத்தார்கள். அவளுக்கோ கடவுள் மேலும் நம்பிக்கையில்லை, செத்தவர்கள் வருவார்கள் என்றும் நம்பிக்கையில்லை. மருந்து இல்லாத இடத்தில் வார்த்தை மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தண்ணீரை அவர் உதட்டில் தொட்டு வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"மகளே, கதவைச் சாத்தாத," என்றார். "இது எங்கம்மா இல்ல."

"வேற யாரு?"

"தெரியல. மூஞ்சி அவளோடதுதான். சின்னப் பிள்ளையில நீ என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவேன்னு கேட்டேன். முழிக்குது. மூச்சு விடவும் தெரியல அதுக்கு. என்னைப் பாத்துப் பாத்து விடுது."

சுனில்டா கால்மாட்டைப் பார்த்தாள். இரும்புக் கம்பி, சுவர், ஈரம் பூத்த சுண்ணாம்பு. ஒன்றுமில்லை. ஆனால் மூச்சு கேட்டது. கிழவருடைய மூச்சு ஏறி இறங்கியதும், ஒரு கணம் பிந்தி, இன்னொன்று.

கூரைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அது ஏன் நிக்குது தெரியுமா?" கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ சொல்லணும்னு நிக்குது. நீ சொன்னாத்தான் அதால என்னைத் தொட முடியும். சொல்லிடாதம்மா."

அப்போதுதான் அவளுக்குக் கைகள் நினைவுக்கு வந்தன. சிரித்தபடியே போனவர்கள்தான் எல்லோரும். ஆனால் கடைசி நொடியில், அவள் 'போங்க' என்று சொன்ன பிறகு, ஒவ்வொரு கையும் அவள் கையை இறுக்கியது. அப்படிப் போன தெய்தாமியா கிழவியின் நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் வந்தது. தசை இழுக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். நன்றி சொல்கிறார்கள் என்று குடும்பத்தாரிடம் சொன்னாள். போன ஜூன் மாதம் தன் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

அது விடைபெறுவது இல்லை. பிடித்துக்கொள்வது.

வெயில் சாயும்போது வலி வந்தது. மருந்து அலமாரியில் வலி மாத்திரை மட்டும்தான் இருந்தது. அதையும் அவர் வாந்தியெடுத்தார். பிறகு கத்தத் தொடங்கினார். மகள் பிளாசிதா சந்தைக் கடையை மூடிவிட்டு ஓடிவந்தாள். அந்த வார்த்தையைச் சொல்லி அப்பாவை அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சினாள். இன்னும் நேரம் வரவில்லை என்றாள் சுனில்டா. ஊசி வரும் என்றாள். எதுவும் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொன்னீங்க," என்றாள் பிளாசிதா. "எங்கப்பாவுக்குன்னா மட்டும் வாய் வலிக்குதாக்கா? மத்தவங்க மாதிரி நாங்க கோழி கொண்டுவந்து குடுக்கலைன்னா?"

கிழவர் கத்திக்கொண்டே இருந்தார். கூரை முனகியது. கால்மாட்டில் அந்த இரண்டாவது மூச்சு இப்போது பிந்தவில்லை. முந்தியது. ஆவலோடு முந்தியது.

கத்தல் நிற்கவில்லை.

நிற்கவே இல்லை.

அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னதாக சுனில்டா பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதுவும் பொய். அவளுக்குக் காது வலித்தது.

குனிந்தாள். சொன்னாள்.

ஹெர்மினியோ கத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நாக்கு அசைந்தது, குரல் வரவில்லை. கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. இறுக்கியது. இன்னும் இறுக்கியது. யாரோ மறுபக்கத்திலிருந்து இழுப்பதுபோல் அவர் உடம்பு கட்டிலில் கால்மாட்டை நோக்கி ஒரு சாண் வழுக்கியது.

சுனில்டா தன் கையை உருவிக்கொண்டாள்.

அமைதி. பிளாசிதா அழுதபடி அவள் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"எவ்வளவு நிம்மதியாப் போனாரு பாத்தீங்களா," என்றாள். "புண்ணியவதிக்கா நீங்க."

சுனில்டா பெரிய கூடத்துக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. அங்கே படுத்திருந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும் முதல் கட்டிலில் இருந்தவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். பிணத்தை மூடுவதுபோல் தங்களைத் தாங்களே மூடிக்கொண்டார்கள். வெள்ளைத் துணிக்கடியில் வாய் இருக்கும் இடங்கள் வேகவேகமாகக் குழிந்து எழும்பின.

கடைசிக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குக் கை கால் வராது. அவளால் மூடிக்கொள்ள முடியவில்லை. சுனில்டா நடக்க நடக்க அவள் கண்கள் கூடவே நகர்ந்தன. அவை சுனில்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், அவள் தலைக்கும் ஒரு முழம் மேலே, பார்த்துக்கொண்டிருந்தன.