சட்டத்தை மூடாத கதவு

ஆற்றி வைத்த காப்பியை யாரும் தொடவில்லை.

விளாங்குடி வீட்டு அடுப்படியில், வாசலிலிருந்து அடுப்பு வரை நீளும் ஆளுயர அலமாரிக்குப் புதுக் கதவு போட வேண்டும். பார்த்து முடிவு செய்ய ஆசாரி பேயாண்டி இரண்டு கதவுகளை மாட்டியிருந்தார். ஒன்று மரச்சட்டத்தை முழுக்க மூடியது. மற்றது சட்டத்தை இரண்டு விரல் அகலம் வெளியே விட்டிருந்தது.

"மூடுனதே போடுங்கண்ணே," என்றாள் பாண்டீஸ்வரி. அம்மாவின் அடுப்படியைப் புதுசாக்குவது அவளுடைய ஆசை. "இன்னொன்னு ரேஷன் கடை அலமாரி கணக்கா இருக்கு."

"வேணாம். சட்டம் தெரியறதே இருக்கட்டும்," என்றாள் அண்ணன் மனைவி முத்துமீனா.

"ஏன் மதினி? காரணத்தச் சொல்லுங்க!"

முத்துமீனா வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். மாமியார் சோணையம்மாளுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. அந்தச் சட்டத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் அடுப்புக்குப் போகிறார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சமைக்க விடமாட்டார்கள் என்று பயந்து, பாண்டி கோயிலில் மருமகளைச் சூடம் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"என் தங்கச்சி செஞ்சா ஒனக்குப் பொறுக்காதே!" சிவபாண்டி கத்தினான். "அம்புட்டு வயித்தெரிச்சலா?"

கணவனின் சொல் சுருக்கென்று தைத்தது. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடா சத்தம்?"

சோணையம்மாள் உள்ளே வந்தார். வழக்கம்போல் கை சட்டத்தைத் தேடியது. அகப்பட்டதோ முழுக் கதவின் விளிம்பு! கதவு சட்டெனத் திறந்துகொள்ள, அவர் தடுமாறி விழுந்தார். பாய்ந்து தாங்கிய முத்துமீனாவும் சேர்ந்தே தரையில் சாய்ந்தாள்.

"அம்மா! பாத்து வரக் கூடாதா?"

"பாக்க முடிஞ்சா பாக்க மாட்டேனாடா..." சோணையம்மாள் உடைந்தார். "எனக்குக் கண்ணு தெரியலய்யா. அவள ஏசாதீக... நாந்தான் அவ வாயக் கட்டிப் போட்டேன்!"

சிவபாண்டி தலைகுனிந்தான். பேயாண்டி அந்த முழுக் கதவைக் கழற்ற ஆரம்பித்தார். பாண்டீஸ்வரி தரையிலேயே அமர்ந்து முத்துமீனாவைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுருங்க மதினி... எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சூடம் அணைச்சுட்டேனே, ஈஸ்வரி."

பிறகு மாமியாரின் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லிட்டீக அத்தை. இனியாவது கண்ணாஸ்பத்திரிக்குப் போவமா?"

"போனா... அடுப்படிய விட்டு வெரட்டிருவாகளே?"

"நான் இருக்கும்போது யாரு வெரட்டுவா?"

சோணையம்மாள் தடவித் தடவி மருமகளின் முகத்தைப் பிடித்தார்.

"அப்பச் சரி... நீயும் கூட வா."