ஏழு மணிக்கு ஒரு கேள்வி

தொலைபேசி ஒலித்தபோது அவர் ஒரு பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

மெழுகுப் பல். மேல்வரிசையில் இடது பக்கக் கடைவாய்.

கை அசைந்தால் காலையிலிருந்து பட்ட பாடு வீண். ஆகையால் நான்கு முறை ஒலிக்க விட்டுவிட்டு, ஐந்தாவது முறைதான் எடுத்தார்.

"பல்லாண்டுங்கறது நீங்கதானா?"



அந்தப் பெயரை உலகத்தில் பதினோரு பேர் மட்டுமே அறிவார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் சந்தித்ததில்லை.

இல்லை... ஒருவரை மட்டும் மூன்று நிமிடம் சந்தித்திருந்தார். அது தமக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. நீங்க...?"

"இன்ஸ்பெக்டர். லேப்பை விட்டு எங்கயும் போகாதீங்க. வந்துட்டிருக்கோம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பல் மருத்துவர்களுக்காகச் செயற்கைப் பற்கள் செய்து தருவது அவருடைய தொழில். வயது நாற்பத்து மூன்று. மணமாகவில்லை. எதிரே ஆள் இருந்தால் அவருக்குப் பேச்சு வராது. ஆள் இல்லாவிட்டால் நன்றாகவே வரும். அதனால்தான் 'தினம் ஒரு கேள்வி' என்ற இணையக் குழு அவருக்குச் சொந்த வீடுபோல் ஆகியிருந்தது.

குழுவில் பன்னிரண்டு பேர். உண்மைப் பெயரோ புகைப்படமோ கூடாது. முறை வைத்து, காலை ஏழு மணிக்கு ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். மற்றவர்கள் மாலைக்குள் எழுத்தில் பதில் தருவார்கள்.

மாறாத விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்பவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். கேள்வி, பதில் இரண்டும் சொந்தக் குரலில்.

தொடங்கியவர்கள் நல்ல மனத்தோடு வைத்த விதி அது. அடுத்தவர் மனத்தைத் திறக்கச் சொல்கிறவர், தம் மனத்தை முதலில் திறக்கட்டும் என்ற எண்ணம்.

இருபது நிமிடத்தில் ஜீப் வந்து நின்றது.

முதலில் இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமானவர், நன்றாக மழித்த முகம். வலது கையில் கட்டை விரலுக்குக் கீழே துணிக்கட்டு. பின்னால் நடுத்தர வயதுப் பெண் ஏட்டு ஒருவர், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கைப்பேசியோடு வந்தார்.

அந்தக் கைப்பேசியின் பின்புறம் ஒரு சிறிய ஜன்னல் படம் ஒட்டியிருந்தது.

பல்லாண்டு செதுக்கும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஜன்னலுக்கு."

குழுவில் அந்தப் பெண்ணின் பெயர் அது. ஏன் அப்படி வைத்துக்கொண்டீர்கள் என்று முன்பு யாரோ கேட்டதற்கு, 'எங்க வீட்ல அதை மட்டும் திறக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார். சென்ற ஆண்டு அந்த வீட்டையும் கணவரையும் விட்டு வெளியேறினார். 'வரும்போது நான் எடுத்துக்கிட்டு வந்தது உங்க பதினோரு பேரை மட்டும்தான்' என்று அன்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பல்லாண்டு நாள் முழுதும் வேலை செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். தம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். செய்தியைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

காலை ஏழு மணிக்கு மேல் கொலை நடந்திருக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறார்கள். பூட்டு உடைபடவில்லை. மாடிப்படியில் கிடந்த செருப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கீழே பேக்கரி நடத்துபவர் ஏறிப்போய்ப் பார்த்திருக்கிறார்.

"வாயில ரத்தம் இருந்துச்சு," என்றார் ஏட்டம்மா மெதுவாக. "அது அவங்க ரத்தம் இல்ல போலன்னு டாக்டர்..."

"அதெல்லாம் இவருக்கு எதுக்கு?" இன்ஸ்பெக்டர் இடைமறித்தார். "அந்த வாய்ஸை ஓட விடுங்க."

ஏட்டம்மா உறைக்கு மேலேயே விரலை வைத்து அழுத்தினார்.

பல்லாண்டுவின் குரல் அறையில் ஒலித்தது. ஐந்து மாதத்துக்கு முந்தைய குரல்.

'ஜன்னலைத் திறந்தா உங்களுக்கு என்ன தெரியும்?'

அடுத்தது, இரண்டு மாதத்துக்கு முன்பு.

'காலையில எந்தச் சத்தத்துல கண் முழிக்கிறீங்க?'

மூன்றாவது, மூன்று நாளைக்கு முன்பு.

'வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பும்போது சாவியை எங்க வைப்பீங்க?'

ஜன்னல் எழுதிய பதில்களை இன்ஸ்பெக்டர் ஒரு தாளிலிருந்து படித்தார். தண்ணீர்த் தொட்டி மேல ஒரு கடிகாரம். நின்னு போச்சு, எப்பவும் நாலு பத்து. கீழ் வீட்டு பேக்கரியில தட்டு விழற சத்தம். அப்புறம்... வாசல்ல காய்ஞ்ச செடித் தொட்டி ஒண்ணு வெச்சிருக்கேன். தண்ணியே ஊத்தறதில்ல, அது செடிக்கு இல்ல, மாத்துச் சாவிக்கு.

"முதல் கேள்வியில ஊர். ரெண்டாவதுல வீடு. மூணாவதுல சாவி." இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார். "மூணும் உன் குரல். இதுக்கு மேல நான் என்ன கண்டுபிடிக்கணும், சொல்லு."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்பதைக்கூடப் பல்லாண்டு கவனிக்கவில்லை. அவர் காதில் அந்தக் கடைசிப் பதில்தான் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதைப் படித்த அன்று அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தார்.

கொன்றது யாராக இருந்தாலும், கதவைத் திறந்து கொடுத்தது தம் குரல்...

"அந்தக் கேள்வியெல்லாம் என்னோடது இல்லீங்க," என்றார். "பெரியக்கா குடுத்தது."

பெரியக்கா குழுவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தொண்டையில் அறுவை சிகிச்சை, குரல் வராது என்று வந்த அன்றே எழுதிவிட்டார். குரலில்தான் கேட்க வேண்டும் என்ற விதி இருக்கும் குழுவில், குரல் இல்லாதவர்மேல் எல்லோருக்கும் இரக்கம் வந்தது. சந்தேகப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. தம் முறை வரும்போதெல்லாம் பெரியக்கா பல்லாண்டுவுக்குத் தனியாக எழுதுவார். 'என் கேள்வியை நீ கேளு தம்பி. உன் குரல்ல கேட்டா அந்தப் பொண்ணு மனசு விட்டுப் பதில் சொல்றா. உனக்கும் நல்லது.'

தம் மனத்தில் இருப்பதைப் படித்துவிட்டாரே என்று கூச்சமாக இருந்தாலும், அந்த அக்காவை அவர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அவசரமாகத் தம் கைப்பேசியில் பெரியக்காவின் பக்கத்தைத் திறந்தார்.

'இச்செய்தி நீக்கப்பட்டது.'

'இச்செய்தி நீக்கப்பட்டது.'

மேலே தள்ளினார். கடைசி வரை அதே வரி.

"காலையில இருந்துச்சுங்க... ஏழு மணிக்குக்கூடப் பார்த்தேன்..."

"அக்காவும் இல்ல, தொக்காவும் இல்ல." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "குரலே இல்லாத பொம்பளை மேல பழியைப் போடறியே, வெட்கமா இல்ல? கிளம்பு."

பல்லாண்டுவின் தோளைப் பற்ற வலது கையை நீட்டினார். துணிக்கட்டு நாற்காலியின் முனையில் மாட்டி விலகியது.

"சார், கட்டு அவிழுது," என்றார் ஏட்டம்மா. "நாய்க்கடின்னு சொன்னீங்களே, ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அந்தக் கை பல்லாண்டுவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பிறை வடிவத்தில் ஒரு காயம். வரிசையாகப் பற்குறிகள். நடுவில் ஒரே ஓர் இடைவெளி. அதை அடுத்துச் சற்றுத் திரும்பிய கோரைப்பல்லின் தடம்.

இருபது ஆண்டுகளாக வாய்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. மனிதர்களின் முகம் அவருக்கு மறந்துவிடும். பல் மறக்காது.

அவர் எழுந்தார். ஓடப்போகிறார் என்று நினைத்து ஏட்டம்மா கதவருகே நகர்ந்தார். ஆனால் பல்லாண்டு சென்றது சுவர் அலமாரிக்கு. எண் முந்நூற்றுப் பதினெட்டு. ஒரு வெள்ளை பாரிஸ் சாந்துப் பல் அச்சை எடுத்தார். பல் அளவுக்காக எடுக்கும் அச்சுகளை மூன்று மாதத்தில் வீசிவிடுவது வழக்கம். இது எட்டு மாதமாக அங்கே இருந்தது. தூசி படியாமல் துடைத்து வைத்திருந்தார்.

"இது அவங்களோடதுங்க," என்றார் ஏட்டம்மாவிடம்.

முன்பல் ஒன்று உடைந்து டாக்டரிடம் வந்த பெண். பல்லின் நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் அன்று இவரையும் அழைத்திருந்தார்கள். மூன்று நிமிடம்தான். இவர் பேசியதும் ஒரே வாக்கியம்தான். 'ஜன்னல் பக்கம் திரும்புங்க.' அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்தன. வலி போலும் என்று நினைத்து இவர் மன்னிப்புக் கேட்டார்.

அவர் யார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியாக வாய் திறந்து சிரித்தது எப்போது என்ற கேள்விக்கு, 'முன்பல் புதுசா வெச்ச அன்னைக்கு. பழசு தானா விழல, விழ வெச்சாங்க. புதுப் பல்லைக் கட்டினவர் ஊசிக்குப் பயப்படற மாதிரி என்னைப் பார்த்துப் பயந்தார்' என்று ஜன்னல் எழுதியிருந்தார். படித்ததும் அலமாரிக்கு ஓடினார் இவர். சொல்லிவிடலாமா என்று ஏழு மாதம் யோசித்தார். இன்று காலைதான், தம் சொந்த முறையில், மனத்தில் வெகுநாளாக இருந்த கேள்வியைக் கேட்டிருந்தார். இந்தக் குழுவில் ஒருவரை நேரில் பார்க்கலாம் என்றால் யாரைப் பார்ப்பீர்கள்?

விதிப்படி முதலில் பதில் சொன்னார். 'ஜன்னலை.' குரல் நடுங்கியது அவருக்கே கேட்டது.

"நான் வெச்ச பல்லை ஒரு மயிரிழை கட்டையாத்தான் வெச்சேன்," என்றார் இப்போது. "கடிக்கும்போது அது அழுந்தக் கூடாது. அழுந்தினா உடைஞ்சிடும். அதனால அந்த இடம் மட்டும் பதியாது. பக்கத்துக் கோரைப்பல் திரும்பியிருக்கும். சார் கையைப் பாருங்க."

ஏட்டம்மா பார்த்தார். அச்சைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"நாய்டா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"நாய்க்கு நான் பல் கட்டினதில்லீங்க."



பல்லாண்டு கைப்பேசியை எடுத்தார். இதுவரை எதிரே ஆள் இருக்கும்போது அவர் இவ்வளவு பேசியதே இல்லை.

"ஏட்டம்மா, செய்தியை அழிச்சது பெரியக்காதான். காலையில இருந்தது இப்ப இல்லைன்னா, பெரியக்கா ஃபோன் இப்ப யாரு கையிலயோ இருக்கு. ஒரே ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அனுப்புங்க," என்றார் ஏட்டம்மா.

அனுப்பினார்.

விர்ர்ர்...

மேசைமேல் இருந்த இன்ஸ்பெக்டரின் கைப்பேசி அசையவில்லை. அவருடைய கால்சட்டைப் பையில் வேறொன்று அதிர்ந்தது.

"வீட்ல இருந்து," என்றார் இன்ஸ்பெக்டர்.

பல்லாண்டு மறுபடி அனுப்பினார்.

விர்ர்ர்...

"வீட்ல யாரு சார் இருக்காங்க?" ஏட்டம்மாவின் குரல் மாறியிருந்தது. "மாற்றல் கேட்டு வாங்கிக்கிட்டு இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. உங்க வீட்டம்மா அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னீங்க. போட்டோகூட எங்க யாருக்கும் காட்டினதில்ல. இன்னைக்குக் காலையில அந்த மாடிக்கு எங்க யாரையும் விடாம நீங்களே முதல்ல ஏறினீங்க."

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. ஏட்டம்மா அதற்கு முன்பே அவர் இடுப்புத் துப்பாக்கியை உருவியிருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமலே வாசலில் நின்ற ஓட்டுநரைக் கூப்பிட்டு, மேலதிகாரியை உடனே வரச் சொல்லும்படி சொன்னார். இரண்டாவது கைப்பேசி மேசைக்கு வந்தது. திரையில் பல்லாண்டுவின் இரண்டு செய்திகளும் வரிசையாக நின்றன.

கீழே கணக்கின் பெயர்... பெரியக்கா!

எல்லாம் விளங்கிவிட்டது. மனைவி வீட்டைத்தான் விட்டுப் போனாரே தவிர, குழுவை விடவில்லை என்பது அந்தக் கணவருக்குத் தெரியும். உள்ளே நுழைவது எளிது. கேள்வி கேட்பதுதான் முடியாது. வாயைத் திறந்தால் அந்தக் குரலை மனைவி அறிவார். ஆகையால் வேறொரு குரல் தேவைப்பட்டது... மனைவி நம்பும் குரல்.

பல்லாண்டு நாற்காலியில் சரிந்தார். கொலைப்பழி நீங்கிவிட்டது. நெஞ்சில் ஏறிய பாரம் இறங்கவில்லை.

"தம்பி," என்றார் ஏட்டம்மா. பிளாஸ்டிக் உறையை அவர் பக்கம் திருப்பினார். "இதைக் காட்டக் கூடாது. ஆனா நீங்க பார்க்கணும். காலையில உங்க கேள்விக்கு டைப் பண்ணிட்டு இருந்திருக்காங்க. அனுப்பல."

திரையில் முடியாத ஒரு பதில்.

'பல்லாண்டை. டாக்டர் ரூம்ல அவர் வாயைத் திறந்ததுமே குரலை வெச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். அவராச் சொல்லட்டும்னு எட்டு மாசமாக் காத்துட்டிருக்கேன். ஜன்னல் பக்கம் திரும்புங்கன்னு இன்னொரு தடவை அவர் சொல்லிக் கேக்கணும். வாசல்ல யாரோ'

அவ்வளவுதான்.

பல்லாண்டு அந்தப் பல் அச்சை இரண்டு கைகளாலும் எடுத்தார். லேப்பின் ஒரே ஜன்னலுக்கு எடுத்துச் சென்று, வெளிச்சம் படும்படி அதைத் திருப்பி வைத்தார்.



பின்னால் இன்ஸ்பெக்டர் இன்னும் அடங்கவில்லை. என்ன ஆதாரம், எந்தத் தைரியத்தில் என் பையில் கை வைத்தாய், நான் எதற்காக அவளைக் கொல்ல வேண்டும் என்று ஏட்டம்மாவிடம் கேள்விமேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

பல்லாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தம் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி, இன்ஸ்பெக்டரின் வாய்க்கு நேராக, மிகப் பணிவோடு வைத்தார்.

"சொல்லுங்க பெரியக்கா. கேள்வி கேட்டவங்கதான் முதல்ல பதில் சொல்லணும். தொண்டை இப்ப நல்லாத்தானே இருக்கு?"