மூன்றாவது பாட்டில் மண்

மூன்றாவது பாட்டில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜோவிதா அதை ஜன்னல் திட்டில் திரும்ப வைத்துவிட்டு மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் அந்த ஜூலை மாதக் காலையைப் போலச் சில்லென்றிருந்தன. வெயில் எட்டிப் பார்த்தே நான்கு நாளாகிறது.

பாட்டில் சோதனை எளிமையானது. பாதி மண், பாதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி நிறுத்தினால் மணல் முதல் நிமிடத்திலேயே இறங்கிவிடும். வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, கடைசியாக. இறால் தொட்டிக்குக் களி நிறைந்த மண்தான் வேண்டும். களித்துகள் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் கொஞ்சம் புளிப்பை விடும். அவள் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனுக்கு வரும் டேங்கர் தண்ணீரோ குழாய் முனையில் வெள்ளைப் பொருக்குக் கட்டுகிற உப்புத் தண்ணீர். அதில்தான் அவள் அழகுக்கு வளர்த்த நாற்பது சிவப்பு இறால்கள் தோலுரிக்க முடியாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சியது ஒன்று. விரல் நகத்தளவு தாய், வயிற்றுக்கடியில் முப்பது முட்டைகளோடு. அவை பொரிந்தால் இரண்டு வருஷமாகப் பேணிய வம்சம் பிழைக்கும்.

முதல் பாட்டிலில் இருந்த, கடையில் வாங்கிய மண் குலுக்கியதும் சகதியாகிவிட்டது. இரண்டாவது, நர்சரிச் செம்மண், தண்ணீரின் உப்பைக் குறைக்கவே இல்லை. மூன்றாவது பின்தெரு அப்பாதுரை கொடுத்தது. கெரெ என்று அவர் சொல்லும் ஏரியில், தூர்வாரும் இடத்தில் ஜேசிபி ஓட்டுகிறவர். எவ்வளவு ஆழம், சாக்கடை விழும் பக்கமா என்று அவள் கேட்டுக்கொண்டே போக, மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. கெரெ அடி மண்ணு, சும்னே எடுத்துப் போடு. பெருசானதும் எனக்கொரு கொழம்பு வை."

இது நகத்துக்கு மேல் வளராது அங்கிள் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

அவர் மண் அடுக்கடுக்காகப் பிரியவே இல்லை. குலுக்கி நிறுத்திய மறுகணம் மொத்தமும் ஒன்றாகக் கீழே போய்ச் சேர்ந்துகொண்டது. மேலே தண்ணீர் பளிங்காய்த் தெளிந்தது. சோதனைச் சொட்டு விட்டதும் நீலமாக வேண்டியது இளமஞ்சளானது, புளிப்பின் நிறம். உப்பு பாதிக்குமேல் இறங்கியிருந்தது. ஜோவிதா பரிசோதனைக்கூடத்தில் பத்து வருஷமாக அடுத்தவர் மலத்தையும் சளியையும் கையாள்கிறவள். மூக்கு சொல்வதை ஒதுக்கிவிட்டு எண் சொல்வதை எழுதுவதே அவள் வேலை. மூடியைத் திறந்தபோது வந்த வாடையையும் அப்படியே ஒதுக்கினாள்.

மண்ணைச் சல்லடையில் தேய்த்து உருண்டைகளாக்கி, கிறிஸ்துமஸ் கேக் சுடும் ஓவனில் வைத்தாள். சுட்டால்தான் உருண்டை கரையாது. சுடும்போது முதல் மழை வாசனை வரவேண்டும். வந்தது அடைத்துக்கொண்ட சிங்க்கில் ஊறிய கறிக்கொழுப்பின் நாற்றம். தட்டில் வெளிறிய பிசுக்கு ஒன்று படிந்திருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் வழுக்கியது.

புதுத் தொட்டி ஒன்றில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பித் தண்ணீர் நிரப்பினாள். புது மண் முதல் மாதம் அம்மோனியாவைக் கக்கும். அது அடங்கும்வரை இறாலை விடக்கூடாது. இரண்டாம் நாள் சோதித்தாள். பூஜ்யம். மூன்றாம் நாளும் பூஜ்யம். அம்மோனியா வரவில்லையென்றால் எதுவோ அதைத் தின்கிறது என்று பொருள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மகிழ்ந்தாள். பழைய தொட்டியில் தாய் தள்ளாடிக்கொண்டிருந்ததால் எடுத்து இதில் விட்டாள்.

ஐந்தாம் நாள் மண் மூன்று விரல் உயரம் இருந்தது.

சுட்ட மண் நாளாக ஆக இறுகும், ஏறாது. மண் மட்டத்தில் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டாள். மறுநாள் மாலை மண் கோட்டைத் தாண்டியிருந்தது. உருண்டைகள் ஓரம் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோது சாம்பல் நிறத்துக்குள்ளே ஓர் ஈரச் சிவப்பு, அதில் நூல் நூலாய் நரம்பு போல ஏதோ ஓடுவது தெரிந்தது. கரண்டிக் காம்பால் அழுத்தினாள். குழி விழுந்தது. பிறகு, மெதுவாக, மேலெழுந்து வந்தது. காம்பை உயர்த்தியபோது கொழகொழவென்று ஓர் இழை கூடவே வந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக. விடிந்தும் பல் விளக்காத வாயின் வாடை. சிங்க்குக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

தொட்டியைக் கவிழ்த்துவிடலாம். ஆனால் முட்டைகள். இன்னும் இரண்டே நாள்.

ஞாயிறு மதியம் மாதா கோயிலிலிருந்து வந்தவள், நனைந்த துப்பட்டாவோடு நேரே தொட்டியிடம் போனாள். தாய் மண்ணின் நடுவில் நின்றிருந்தது. காலால் ஒரு முட்டையைப் பிரித்தெடுத்து, மண்ணில் வைத்து, அழுத்தியது. கொஞ்சம் நகர்ந்தது. இன்னொன்று.

இறால் அப்படிச் செய்யாது. ஒருபோதும் செய்யாது.

லென்ஸை எடுத்தாள். முட்டைகளில் இந்நேரம் கறுப்புக் கண் புள்ளிகள் தெரியவேண்டும். இல்லை. வெள்ளையாக இருந்தன. கெட்டியாக. அடிப்பக்கம் கூராக, மேற்பக்கம் தட்டையாக. மண் சுருங்கி ஒவ்வொன்றையும் ஈறு போல இறுக்கிப் பிடித்தது.

வரிசை வளைந்தது. குதிரை லாடம் போல. எதிரே இன்னொரு வரிசை.

தாயை மட்டுமாவது. வலையோடு கையை உள்ளே விட்டாள். தண்ணீர் எச்சிலின் சூட்டில் இருந்தது. கடைசி முட்டையை வைத்துவிட்டுத் தாய் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே போய் நின்றது. ஓடவில்லை. காத்திருந்தது.

வலை எட்டுவதற்குள் மண் மடிந்து மூடிக்கொண்டது.

ஓடு நொறுங்கும் சத்தம். சின்னச் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். நிதானமாக.

வெள்ளை வரிசைகளின் இடுக்கில் ஒரு சிவப்பு மீசை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.